உன் அம்மாவின் அமுக்கரா வார்டு

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், உறையைக் கிழித்ததும் உன் கண் தேடுவது இதைத்தான் என்று எனக்குத் தெரியும். நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் அங்கே சுகமாக இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் ஒரு வரி வந்தால் எங்களுக்கும் தூக்கம் நன்றாக வரும். என் முழங்கால் பழையபடிதான், படி ஏறும்போது முனகுகிறது, இறங்கும்போது திட்டுகிறது. மூக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று. என் முகத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று கடைக்காரர் பொறுக்கித் தந்த சட்டத்தில் நான் ஆந்தை மாதிரி இருக்கிறேனாம், உன் அம்மா சொல்கிறாள். சமையலறைக் குழாய் ஒழுகுவதை உன் சித்தப்பா வந்து சரிசெய்துவிட்டான். போனில் பேசுவதை விட்டுவிட்டு இந்த அப்பா எதற்குப் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் வந்து ஸ்பீக்கரைப் போடுங்க என்பாள். அவளை வைத்துக்கொண்டே அவளைப் புகழ முடியுமா, அப்புறம் வீட்டில் என் பாடு திண்டாட்டமாகிவிடும். அதனால் அவள் சித்தி வீட்டுக்குத் துணி தைக்கக் கொடுக்கப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து எழுதுகிறேன். ஆமாம், இது உன் அம்மாவைப் புகழ்ந்து எழுதும் கடிதம்தான், சிரிக்காதே.

ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவள் சும்மா இருக்க மாட்டாள் என்று உனக்குத் தெரியும். வீட்டில் இருந்த ஒரே நோயாளி நான், என் முழங்காலை எத்தனை தடவைதான் பார்ப்பது. ஒரு நாள் நம் மேல் வயலில் அமுக்கரா போடப்போவதாகச் சொன்னாள். வேர் மருந்துக்குப் போகும் செடி, தண்ணீர் அதிகம் கேட்காது, ஆடு மாடு வாய் வைக்காது என்றாள். நான் வேண்டாம் என்றேன், அதனால் உடனே போட்டுவிட்டாள். உன் சித்தப்பாவையும் இழுத்துவிட்டாள். அவன் தன் பைப் வேலைப் பட்டறையை மூடி வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. அவனைத் தெரியாதா உனக்கு, பையில் எப்போதும் ஒரு ஸ்பேனர் வைத்திருப்பவன், அது இல்லாமல் இருந்தால் கையில்லாத மாதிரி ஆகிவிடுவான். தம்பி, கீழ் வயலச் சும்மா போடாதீங்க, நாத்து நான் தர்றேன், விளைஞ்சா உங்களுக்கு, விளையலன்னா என்னைத் திட்டுங்க என்று உன் அம்மா அவனிடம் சொன்னாள். அவனும் கையில் மிச்சமிருந்த எல்லாவற்றையும் அந்த மண்ணில் போட்டுவிட்டான். அதாவது அம்மாடி, அந்தப் பயிர் நமக்குப் பொழுதுபோக்கு, அவனுக்கு அதுதான் சோறு. கிணறு நம் வயலில், வாய்க்கால் நம் வயலுக்குள் ஓடித்தான் அவன் வயலுக்குப் போக வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

செடி நன்றாகத்தான் வந்தது. இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, சாம்பல் பூத்த மாதிரி இலை, பிடுங்கிய வேரை முகர்ந்தால் குதிரை லாயத்துக்குள் நுழைந்த மாதிரி ஒரு வாசனை. எனக்கு அந்த வாசனை பிடிக்காது, உன் அம்மாவுக்கு அது பிடித்துப்போய் கையைக் கழுவுவதற்கு முன் ஒரு தடவை முகர்ந்து பார்ப்பாள். அவள் எதையும் முகர்ந்து பார்க்கும் பழக்கம் உனக்கும் தெரியும், உன் பள்ளிக்கூடப் பையை முகர்ந்தே நீ மத்தியானம் சாப்பிட்டாயா இல்லையா என்று சொன்னவள். காலம் தப்பி ஒரு மழை பிடித்தது. பிடித்தது என்றால் விடவில்லை. மழை நின்ற பிறகு அடி இலைகளில் பழுப்புப் பொட்டு விழுந்தது. உற்றுப் பார்த்தால் ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டமாக இருக்கும். நான் தூசி என்று நினைத்து ஹோஸைப் பிடித்து இலையெல்லாம் குளிப்பாட்டிவிட்டேன். பஸ் ஓட்டி, பஸ்ஸைக் கழுவிய கை இது, அழுக்கைக் கண்டால் தண்ணீரை அடிக்கத்தான் தோன்றும். உன் அம்மா வந்து பார்த்துவிட்டுப் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்து நாய் எழுந்து ஓடிவிட்டது. இலையில் தண்ணீர் நின்றால் பூஞ்சைக்கு அது விருந்து, ஒரு இலையில் இருப்பதை நான் எல்லா இலைக்கும் தெளித்துவிட்டேன் என்றாள். ஏதாவது மருந்தடிக்கலாமே என்று கேட்டேன். மருந்தாகப் போகிற செடிக்கே விஷம் அடிச்சா அதச் சாப்பிடுறவங்க யாருகிட்ட போவாங்க என்று கேட்டாள். நான் ஹோஸைச் சுருட்டி வைத்தேன்.

அன்றிலிருந்து வயல் வார்டாகிவிட்டது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வயலுக்குள் நுழையும் இடத்தில் ஒரு பழைய டப்பில் சுண்ணாம்புத் தண்ணீர், செருப்பை அதில் முக்கிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். நல்ல செடி இருக்கும் பக்கம் முதலில், பொட்டு விழுந்த பக்கம் கடைசியில். அந்தப் பக்கம் போனவர் திரும்ப இந்தப் பக்கம் காலடி வைக்கக் கூடாது. நோய்ப் பக்கத்துக்கு ஒரு மண்வெட்டி, பிடியில் சிவப்புத் துணி கட்டியது. நல்ல பக்கத்துக்கு வேறு மண்வெட்டி. பனி காயும்வரை யாரும் செடியைத் தொடக் கூடாது, ஈரக் கைதான் நோயைச் சுமந்துகொண்டு போகுமாம். வெயில் ஏறியதும் நானும் உன் சித்தியும் கூடையை எடுத்துக்கொண்டு பொட்டு விழுந்த அடி இலைகளையெல்லாம் கிள்ளிக் கிள்ளிப் போட்டோம். எருக்குழியில் போடப் போனேன், அதற்கும் திட்டு வாங்கினேன், தூரமாகக் கொண்டுபோய்க் கொளுத்தச் சொன்னாள். நெருக்கமாக நின்ற இடங்களில் செடியைக் கலைத்துக் காற்று போக வழிவிட்டாள். பிரிச்சு வைங்க, பிரிச்சு வைங்க என்பது ஒன்றுதான் அந்த நாட்களில் அவள் வாயில் இருந்த வார்த்தை. கூடையைப் பிரித்து வை, கத்தியைப் பிரித்து வை, வாளியைப் பிரித்து வை. என்னையும் பிரித்து வைத்துவிடுவாளோ என்று பயந்தேன். ஆனால் இலைப்பொட்டு நின்றது, கண்ணு. புதுத் துளிர் சுத்தமாக வந்தது. சித்தப்பா வயலிலும் இதையே செய்தார்கள், அங்கேயும் நின்றது. வழியில் போகிறவர்கள் அவளை சிஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், ஓய்வு பெற்றதே வீணாகிவிட்டது.

இதோடு முடிந்திருந்தால் நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். நம் வயலில் மழைத் தண்ணீர் தேங்கி நின்ற பள்ள மூலையில் நாலைந்து செடி மத்தியானத்தில் வாடித் தொங்கின, சாயங்காலம் நிமிர்ந்தன. வாடினால் தண்ணீர் விடு என்பதுதான் எனக்குத் தெரிந்த விவசாயம், விட்டேன். மறுநாள் இன்னும் நன்றாகத் தொங்கின. உன் அம்மா ஒரு செடியைத் தொட்டாள், அது சும்மா பிடுங்கிக்கொண்டு வந்தது. வேரின் தோல் உறையைக் கழற்றின மாதிரி அவள் விரலோடு உருவிக்கொண்டு வந்துவிட்டது, உள்ளே ஒரு நார் மட்டும். முகர்ந்து பார்த்தாள். குதிரை வாசனை இல்லை. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன், வார்டில் இரவெல்லாம் விழித்துவிட்டு வரும் நாட்களில் அப்படித்தான் இருக்கும். தண்ணி குடிக்க வேரே இல்லாததுக்கு நீங்க தண்ணியா ஊத்துறீங்க என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு உறைத்தது. செடியையும் மண்ணையும் பையில் கட்டிப் பயிர் நோய் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாள். இது வேரழுகலாகத்தான் இருக்கும் என்றாள், அந்த மண்ணில் ஓடும் தண்ணீர் எந்த வயலுக்குப் போகிறதோ அந்த வயலும் போச்சு. நம் வாய்க்கால் எங்கே போகிறது என்று உனக்கு முன்பே சொல்லிவிட்டேன்.

உடனே வாய்க்காலை மண் போட்டு அடைத்தாள். அதோடு நிற்கவில்லை. நோய் மூலைக்கும் சித்தப்பா வயலுக்கும் நடுவில் நம் வயலிலேயே நீளவாக்கில் நல்ல பட்டை ஒன்று இருந்தது, வரப்போரமாக, எல்லாவற்றிலும் செழிப்பாக நின்ற செடிகள். அதை அவள் தினமும் காலையில் முதலில் போய்ப் பார்ப்பாள், பச்சைப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. அந்தப் பட்டை முழுவதையும் தன் கையால் பிடுங்கிப் போட்டாள். விளையாத வேர், எதற்கும் உதவாது. பிடுங்கிய இடத்தில் ஆழமாக ஓடை வெட்டி, நம் வயல் தண்ணீரெல்லாம் மறுபக்கத்துத் தரிசில் போய் விழும்படி திருப்பிவிட்டாள். நல்ல செடியை ஏன் பிடுங்குகிறாய், நோய் அங்கே வரவில்லையே என்று நான் கத்தினேன். வந்த பிறகு பிடுங்கினா அடுத்தது தம்பி வயல், நான் குடுத்த நாத்து, என் பேச்சக் கேட்டுப் போட்டது, ஊருக்கெல்லாம் ஊசி போட்டவ கொழுந்தன் வீட்டுக்கு நோயை அனுப்பினாளாம்னு பேர் வாங்கணுமா என்றாள். சரி, அவனிடம் சொல்லிவிடலாம் என்றேன். அதற்குத்தான் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். ரிசல்ட் வராம நோயாளி வீட்டுல வாயத் தொறக்கக் கூடாது, பாதி தெரிஞ்சதச் சொல்லி அவங்க தூக்கத்தக் கெடுக்கக் கூடாது, ஆஸ்பத்திரியில அதுதான் எங்க பழக்கம் என்றாள். எனக்கும் வாய்ப்பூட்டு போட்டாள். இத்தனை வருஷம் பஸ் நிறைய ஆட்களோடு பேசிக்கொண்டே வண்டி ஓட்டியவனுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று யோசித்துப் பார்.

மழைக்குப் பிறகு வெயில் காய ஆரம்பித்தது. கீழ் வயல் வெடிப்பு விட்டது. உன் சித்தப்பா வந்து பார்த்தான், வாய்க்கால் அடைத்திருக்கிறது, ஓடை வேறு பக்கம் ஓடுகிறது, காரணம் யாரும் சொல்லவில்லை. நாங்கள் வயலில் இருக்கும்போது வருவதை நிறுத்தினான். சித்தியும் வீட்டுப் பக்கம் வரவில்லை. நான் எதிரே போனால் அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டே போவான். ஒரு காலை நேரம் மண்வெட்டியோடு நேராக வந்து வாய்க்கால் அடைப்பை வெட்டக் கையை ஓங்கினான். உன் அம்மா ஓடிப்போய் அந்த அடைப்பின் மேல் ஏறி நின்றுகொண்டாள். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வேலை போனவன்தானே, கேக்கவா போறான்னு நெனச்சிட்டீங்களா அண்ணி, தண்ணி கெடையாதுன்னு வாயால ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் செடியோட சேர்ந்து காஞ்சிட்டுப் போயிருப்பேனே என்றான்.  வாய்ப்பூட்டாவது மண்ணாங்கட்டியாவது என்று நான் உண்மையைச் சொல்லப்போனேன். அதற்குள் உன் அம்மா இறங்கி, பள்ள மூலைக்குப் போய் ஒரு செடியைப் பிடுங்கி வந்து அவன் கையில் வைத்தாள். தோல் உருவிக்கொண்டு அவன் விரலில் நின்றது. அப்புறம் ஓடை வெட்டிய இடத்தையும் அங்கே வதங்கிக் கிடந்த நல்ல செடிக் குவியலையும் காட்டினாள். இந்தத் தண்ணியா வேணும் உங்களுக்கு என்று மட்டும் கேட்டாள்.

அவன் அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றான். நம் வயலிலேயே நல்ல செடி அதுதான் என்று அவனுக்கும் தெரியும். பிறகு மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு அவன் கேட்ட கேள்வியை நான் மறக்க மாட்டேன். இத அன்னிக்கே சொல்லியிருந்தா நான் அன்னிக்கே பைப் போட்டிருப்பேனே அண்ணி, எனக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதானே என்றான்.  தப்புதான் தம்பி, நீங்க நோயாளி வீட்டு ஆளுன்னு நெனச்சேன், கூட வேலை பாக்குற ஆளுன்னு நெனக்கல என்றாள் உன் அம்மா. கல்யாணமான நாளிலிருந்து தப்புதான் என்ற சொல்லை நான் அவள் வாயில் கேட்டதில்லை, உனக்கும் அந்தப் பாக்கியம் கிடைத்திருக்காது. சாக்குச் சொல்லவில்லை, சுற்றி வளைக்கவில்லை, நேராகச் சொன்னாள். நல்ல பட்டையைப் பிடுங்கியபோது நான் அவளை வியந்தேன், இதைச் சொன்னபோது அதைவிட அதிகமாக வியந்தேன் என்று எழுதினால் மிகையில்லை.

அப்புறம் உன் சித்தப்பாவைப் பிடிக்க முடியுமா. மூடிய பட்டறையிலிருந்து பழைய குழாய்களைக் கொண்டுவந்து, வயலுக்குள் நுழையாமல் வெளி வரப்பைச் சுற்றிக் கிணற்றிலிருந்து நேராகத் தன் வயலுக்கு இழுத்துவிட்டான். இலையில் ஒரு சொட்டுப் படாமல் வேரடியில் மட்டும் கசியும்படி குழாயில் ஓட்டை போட்டான். நம் மேல் வயலுக்கும் அதேபோல் செய்து தந்தான். ஸ்பேனரைத் திருகிக்கொண்டே அவன் ஏதோ பாட்டு முணுமுணுத்தான், பட்டறை மூடிய பிறகு அவன் பாடி நான் கேட்டதே இல்லை. ஆய்வுக்கூடத்து அதிகாரியும் போன் செய்தார், வேரழுகல் பூஞ்சைதான் என்றார். நோய்ச் செடியை மண்ணோடு அள்ளி எடுத்துவிட்டு, குழியில் சுண்ணாம்பு போடச் சொன்னார். மீதி இடங்களுக்கு வேப்பம் பிண்ணாக்கையும், கெட்ட பூஞ்சையைத் தின்னும் நல்ல பூஞ்சைத் தூள் ஒன்றை மக்கிய எருவில் கலந்து வைத்ததையும் வேரடியில் போடச் சொன்னார், அடுத்த விதைப்புப் பட்டத்தில் அந்த மூலையில் சோளம் மாதிரி வேறு பயிர் மாற்றச் சொன்னார். இங்கே செய்திருந்ததையெல்லாம் உன் அம்மா சொன்னதும், நல்லவேளை தண்ணீரை நிறுத்தினீர்கள் என்றாராம். இதை உன் அம்மா என்னிடம் சாதாரணமாகச் சொல்கிற மாதிரி மூன்று தடவை சொன்னாள்.

போன வாரம்தான் வேர் தோண்டினோம். இலை மஞ்சளாகிக் காய்ந்து, காய் சிவந்தபோது நான் மறுபடியும் நோய் வந்துவிட்டது என்று அவளிடம் ஓடினேன். இது நோயில்ல, வயசு, உங்க தலை மாதிரி என்றாள். கீழ் வயலில் ஒரு செடிகூட அழுகவில்லை, கண்ணு. ஒவ்வொரு வேரும் விரல் கனம், உடைத்தால் டக் என்று உடைந்து உள்ளே வெள்ளையாக. நம் வயலில் பாதிதான் தேறியது, ஆனால் தேறியதெல்லாம் சுத்தம். கழுவி நறுக்கிக் காயவைத்து இரண்டு தார்ப்பாயில் இரண்டு குவியல், நடுவில் உன் அம்மா நின்று பிரித்து வைத்திருந்தாள், ஒன்று சித்தப்பாவுடையது, பெரியது, இன்னொன்று நம்முடையது, அதன் பக்கத்தில் பார்க்கச் சங்கடமாக இருக்கும் அளவுக்குச் சிறியது. வாங்குகிறவர் வண்டி வரும் நேரம். உன் சித்தப்பா மெதுவாக வந்தான். தார்ப்பாயின் இரண்டு மூலையை அவன் பிடித்தான், மற்ற இரண்டைச் சித்தி பிடித்தாள், அவர்களுடையதை அப்படியே தூக்கி நம்முடையதன் மேல் கொட்டிவிட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் இரண்டு கையாலும் கிளறி ஒன்றாக்கிவிட்டான். இப்பப் பிரிச்சு வைங்க அண்ணி பாப்போம் என்றான்.

 உன் அம்மா முறத்தைக் கையில் பிடித்தபடி அந்த ஒரே குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, எல்லாரும் கையக் கழுவிட்டு வாங்க, டீ போடுறேன் என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனாள். நாங்கள் எல்லோரும் கழுவினோம். அவள் கழுவவில்லை. டீ முழுக்கக் குதிரை லாய வாசனை, நாங்கள் மூச்சுவிடாமல் குடித்தோம்.

இவ்வளவு நீளமாக எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை போனில் என் பேத்தி, அம்மாவுக்கு ஊசியில ரத்தம் எடுத்தாங்க தாத்தா என்றாள். உடனே நீ போனை வாங்கிக்கொண்டு இங்கே வெயில் எப்படி என்று கேட்டாய். உன் அம்மா பக்கத்தில்தான் இருந்தாள், கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், அவளும் வெயிலைப் பற்றியே பேசினாள். அவளுக்கு உன்னைக் கேட்க வாய் வராது, ரிசல்ட் வராமல் கேட்கக் கூடாது என்பது அவள் பழக்கம். உனக்குச் சொல்ல வாய் வராது, நீ அவள் பெற்ற பிள்ளை. அன்றிலிருந்து குளிக்கப் போனாலும் போனை ஜன்னல் மேல் வைத்துவிட்டுத்தான் போகிறாள். அம்மாடி, எல்லாவற்றிலும் உன் அம்மாவைப் போல இரு, நான் அதற்கு மேல் உனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒன்றில் மட்டும் வேண்டாம். முழுதாகத் தெரியாவிட்டால் பரவாயில்லை, பாதி தெரிந்ததைச் சொல். தூக்கம் கெடட்டும், எங்களுக்கு இந்த வயதில் தூக்கம் எதற்கு. பைப் போடத் தெரிந்த ஆட்கள் இங்கே இருக்கிறோம்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். பேத்திக்கு என் முத்தம், அவளைத் திட்டாதே, அவள்தான் உங்கள் வீட்டில் விவரமான ஆள். உடம்பும் மனசும் திடமாக நீ நூறு வயது வாழ வேண்டும் என்று நாங்கள் இருவரும் தினமும் வேண்டிக்கொள்கிறோம். நேரத்துக்குச் சாப்பிடு. இந்தக் கடிதம் கைக்கு வந்ததும், படித்து முடிப்பதற்கு முன்பே என்றாலும் சரி, அம்மாவைக் கூப்பிடு. ஸ்பீக்கரைப் போடச் சொல்லாதே, நான் வெளியே போய் நிற்கிறேன்.

உன் வரவை விட உன் குரலுக்கு அதிகமாகக் காத்திருக்கும்,
உன் அப்பா